கேட்க வந்தவள்

ஏப்ரல் 7, திங்கள்

அருப்புக்கோட்டைக்கு வந்து சேர்ந்தேன். லாட்ஜ் அறைக்கு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் எதிரே அடுத்த கட்டிடத்தின் சுவர். குழாயில் உப்புத்தண்ணீர். குடிக்க ஒரு கேன் வாங்கி வைத்திருக்கிறேன்.

என்னை வரச் சொன்ன, இங்கே சொந்தமாகப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தும் டாக்டர் திலகவதியைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். இந்த ஊரில் பாதிப்பேர் அவர் கையில் பிறந்தவர்கள் என்று ஆட்டோக்காரர் சொன்னார். நான் போய் நின்றதும், "வாம்மா சுகந்தி, முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசலாம்" என்று தன் வீட்டுச் சாப்பாட்டையே பிரித்துக் கொடுத்தார். இப்படி ஒருவரிடம் வேலை செய்ய யாருக்குக் கசக்கும் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். பிப்ரவரியில் பச்சிளங்குழந்தைகள் வார்டில், குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை இறந்துவிட்டது. அந்த நேரத்தில் பணியிலிருந்த நர்ஸ் பவுலினை, கவனக்குறைவு என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து நர்சுகள் ஒவ்வொருவராக விலகிப் போகிறார்கள். இருப்பவர்கள் வாய் திறப்பதில்லை.

"நான் கேட்டா 'ஒண்ணுமில்ல டாக்டர்'ங்கிறாங்க. நீ வெளியாளு. உன்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க. ஏன் போறாங்கன்னு கேட்டுச் சொல்லு."

நூற்பாலையில் பணியாளர் துறையில் பல வருடம் இருந்தவள் நான். ஆலை மூடிய பிறகு 'பணியிட ஆலோசகர்' என்று அட்டை அடித்துக்கொண்டேன். இந்த வருடம் கிடைத்த முதல் வேலை இது. இதுவும் சரியாக அமையாவிட்டால் அட்டையைக் கிழித்துப் போட வேண்டியதுதான். சந்திரனிடம் இதைச் சொல்லவில்லை. கணவருக்குச் சொல்லாமலேயே தெரிகிற விஷயங்கள் உண்டு.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நர்சுகளை உட்கார வைத்தேன். "இங்கே சொல்வது எதுவும் வெளியே போகாது" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தலைமை நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் மட்டும் நிமிர்ந்து, "எல்லாம் நல்லாத்தான் மேடம் இருக்கு. கிளம்பலாமா? வார்டுல ஆள் இல்ல" என்றார்.

கிளம்பினார்கள். வட்டமாகக் கிடந்த காலி நாற்காலிகளை நானே அடுக்கி வைத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

இன்றும் ஒன்றுமில்லை. இரண்டு சேலை துவைத்தேன். இந்தத் தண்ணீரில் சோப்பு நுரைப்பதே இல்லை.

ஏப்ரல் 10, வியாழன்

கேள்வித்தாள், கூட்டம் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டேன். நர்சுகள் ஓய்வெடுக்கும் அறை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அங்கே போய் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு பெண் பஞ்சைச் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிரித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கை எடுத்துச் செய்தேன். அவள் பார்த்தாள், சிரித்தாள்.

"ரொம்பப் பெருசா எடுக்கிறீங்க மேடம். இது ரத்தம் எடுக்கிற குட்டிக் காலுக்கு."

காளீஸ்வரி என்று பெயர். இருபத்து நாலு, ஐந்து வயது இருக்கும். திருச்சுழிக்கு அப்பால் இருக்கிற ஒரு ஊரிலிருந்து வருகிறாள். வேறெதுவும் நான் கேட்கவில்லை. நாங்கள் உருண்டை பிடித்தோம்.

ஏப்ரல் 12, சனி

மூன்று நாளாக அந்த அறையில்தான் இருக்கிறேன். யார் வந்தாலும் எழுந்து இடம் விடுகிறேன், டீ ஊற்றிக் கொடுக்கிறேன், குறிப்பு எதுவும் எடுப்பதில்லை. முதலில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். இன்று நிறுத்தவில்லை. எஸ்தர் சிஸ்டருக்கு முழங்கால் வலி. ஒருத்திக்குச் சித்திரையில் நிச்சயதார்த்தம். எல்லோருக்குமே தூக்கம் போதவில்லை.

காளீஸ்வரியின் ஊருக்குச் சாயங்காலம் ஒரு பஸ்தான். மாற்று ஆள் வரத் தாமதமானால் பஸ் போய்விடும். பஸ் போனால் அடுத்த ஷிப்ட்டையும் அவளே பார்க்க வேண்டும். "பழகிருச்சு அக்கா" என்றாள்.

அக்கா என்றாள். அதை அவளே கவனித்த மாதிரித் தெரியவில்லை. நான் கவனித்தேன். லாட்ஜுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல்தான் காதில் இருந்தது. இந்த வேலை எனக்கு வரும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மெஸ்ஸில் பாயசம் போட்டார்கள். சந்திரன் போனில் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "எப்ப வருவ?" என்றார். வேலை நன்றாகப் போகிறது என்றேன்.

நன்றாகத்தான் போகிறது. ஆனால் இன்று கேட்டது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருக்கிறது.

அறையில் நானும் காளீஸ்வரியும் மட்டும் இருந்தோம். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா வெளிய போகாதுல்ல?"

"என்கிட்டயே இருக்கும்" என்றேன்.

வார்டில் எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ். ஒவ்வொரு குழந்தையின் காலிலும் ஒரு சின்ன வயர். மூச்சோ துடிப்போ குறைந்தால் மானிட்டர் சத்தம் போடும். குழந்தை காலை உதறினாலும் வயர் நழுவிச் சத்தம் போடும். நாள் முழுக்கச் சத்தம். முக்கால்வாசி பொய்ச் சத்தம். ஒரு சத்தத்துக்கு மற்ற குழந்தைகள் விழித்துக் கதறும். அதனால் எல்லோருமே ஒலியைக் குறைத்து வைத்துவிடுகிறார்கள். அடிக்கடி கண்ணால் பார்த்துக்கொள்வார்கள்.

"பவுலின் சிஸ்டரும் அப்பிடித்தான் வச்சிருந்தாங்க. இன்னொரு பிள்ளைக்கு ரத்தம் எடுத்துட்டு இருந்திருக்காங்க. திரும்பிப் பாக்கதுக்குள்ள... அது யாரு டூட்டில வேணாலும் நடந்திருக்கும் அக்கா. என் டூட்டில நடந்திருக்கலாம். அவங்க மேல பழி விழுந்தப்ப நாங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டு நின்னோம்."

"இப்பவும் குறைச்சுத்தான் வைக்கிறீங்களா?"

பஞ்சு டப்பாவை மூடினாள். அழுதாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

என்ன செய்வது? சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் இன்னொரு குழந்தை போகும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். மனம் லேசாக இருக்கிறது.

டாக்டர் மதியம் சாப்பிடக் கூப்பிட்டார். யார் பெயரையும் எடுக்காமல், பொதுவான நிலைமையாகச் சொன்னேன். ஆள் போதவில்லை, அலுப்பில் அலாரத்தைக் குறைத்து வைக்கும் பழக்கம் இருக்கிறது, இது ஒருத்தர் தவறு இல்லை, ஷிப்ட்டுக்கு இன்னொரு நர்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். அவர் மனதில் படவேண்டும் என்பதற்காக ஒரு உதாரணமும் சொன்னேன்: சாயங்கால பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக வழியில்லாமல் தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த அலுப்பில் யாரால் கவனமாக இருக்க முடியும் என்று.

"பாவம்" என்றார் டாக்டர். எனக்கு மோர் ஊற்றினார். யார் சொன்னது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனுஷி.

இரவு நன்றாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காளீஸ்வரி இன்று வரவில்லை. காய்ச்சலாக இருக்கலாம். இந்த வெயிலுக்கு யாருக்கும் வரும்.

வார்டுச் சுவரில் புதிதாக ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அலாரம் ஒலியைக் குறைப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று. டாக்டர் வேகமாகச் செயல்படுகிறார். அடுத்து கூடுதல் ஆளும் போடுவார்.

ஓய்வறையில் நான் உட்கார்ந்ததும் நிச்சயதார்த்தப் பெண் எழுந்து போனாள். அவசர வேலை போல.

ஏப்ரல் 18, வெள்ளி

புனித வெள்ளி. எஸ்தர் சிஸ்டர் ஆராதனைக்குப் போய்விட்டு மதியம் பணிக்கு வந்தார். காளீஸ்வரியைப் பற்றி விசாரித்தேன்.

"வீட்டுக்கு அனுப்பிட்டாங்க மேடம்."

"ஏன்?"

அவர் மேலங்கியின் நாடாவைக் கட்டிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்றார்.

எனக்கு எப்படித் தெரியும்?

ஏப்ரல் 19, சனி

நான் பெயர் சொல்லவில்லை. மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்த்துவிட்டேன். டாக்டர் முன்னால் என் வாயிலிருந்து யாருடைய பெயரும் வரவில்லை. டாக்டருக்கு வேறு யாராவது சொல்லியிருக்க வேண்டும். நர்சுகளுக்குள்ளேயே போட்டி இருக்கும்.

சந்திரனிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் விஷயம் வரை கேட்டுவிட்டு, "அந்த பஸ்ல எத்தனை பேர் வர்றாங்க?" என்றார்.

"உங்களுக்கு என் வேலையைப் பத்தி என்ன தெரியும்?" என்று வைத்துவிட்டேன்.

ரவிக்கையில் கொக்கி தைத்தேன். ஊசி இரண்டு தடவை விரலில் ஏறியது.

ஏப்ரல் 21, திங்கள்

ஓய்வறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம். நான் தட்டியதும் நின்றது. யாரும் திறக்கவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இதை எழுத மனமில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

மதியம் டாக்டர், "வார்டுல போய்ப் பாரு, இப்ப எல்லாம் ஒழுங்கா இருக்கு" என்று அனுப்பினார். கையைக் கழுவி, மேலங்கி மாட்டி உள்ளே போனேன். எஸ்தர் சிஸ்டர் தனியாக இருந்தார். காளீஸ்வரி இல்லாததால் அந்த முழங்காலோடு அவரே வார்டு பார்க்கிறார். ஒன்பது குழந்தைகள்.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? ஒன்று ஓய்ந்தால் ஒன்று. சில நேரம் நான்கும் ஐந்தும் சேர்ந்து. எஸ்தர் ஒரு குழந்தையின் மூக்கில் குழாய் செருகிக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வையை மேல்கையால் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு சத்தத்துக்கும் கழுத்தைத் திருப்பினார். பிறகு திருப்புவதை நிறுத்திவிட்டார். நிறுத்தாமல் யாராலும் இருக்க முடியாது.

மூலையில் இருந்த தொட்டிலை நான் தற்செயலாகத்தான் பார்த்தேன். குழந்தையின் உதடு நீலமாக இருந்தது. பிறகு முகம். அதன் மானிட்டரும் கத்திக்கொண்டுதான் இருந்தது, மற்றவையும் கத்தின. "சிஸ்டர்!" என்று கூப்பிட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். கேட்கவில்லை. ஓடிப்போய்த் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவர் பார்த்த மாத்திரத்தில் பாய்ந்தார். முதுகைத் தேய்த்தார், உள்ளங்காலைத் தட்டினார், முகத்தில் மாஸ்க்கை வைத்துக் காற்றுப்பையை அழுத்தினார். "வாடா தங்கம், வாடா, வாடா" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அந்தச் சின்ன நெஞ்சு ஏறவே இல்லை. பிறகு ஒரு முறை ஏறியது.

மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். பிழைக்குமா என்று தெரியவில்லை. குழந்தையின் அப்பா வெறுங்காலோடு வண்டியில் ஏறினார். செருப்பு வார்டு வாசலிலேயே கிடந்தது.

நான் பெயர் சொல்லவில்லைதான். பஸ்ஸைச் சொன்னேன். நர்சுகளில் அந்த பஸ்ஸில் வருவது அவள் ஒருத்திதான். சொல்லும்போதே எனக்கு அது தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். டாக்டர் என்னை மெச்ச வேண்டும் என்று இருந்தது. பேசாதவர்களைப் பேச வைத்துவிட்டேன் என்று காட்ட வேண்டியிருந்தது.

ஏப்ரல் 23, புதன்

ஓய்வறை வாசலில் நின்று சொன்னேன். காளீஸ்வரி போனதற்கு நான்தான் காரணம், டாக்டரிடம் பேசியது நான்தான் என்று. நான்கு பேர் இருந்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை.

எஸ்தர் சிஸ்டர் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கழுவினார். "சொல்லி முடிச்சிட்டீங்களா மேடம்? சரி, வழி விடுங்க. டிரிப் மாத்தணும்."

பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். மதுரை பஸ்கள் வந்தன, போயின. ஏற முடியவில்லை. ஏறினால் வீட்டுக்குப் போய்விடலாம். போய், இந்த ஊர் நர்சுகள் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். காலப்போக்கில் நானே அதை நம்பிவிடுவேன்.

லாட்ஜுக்கே திரும்பினேன். அதே அறை. படுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

காளீஸ்வரியின் ஊருக்குப் போனேன். அவள் பிடித்த அதே பஸ்.

வாசலிலேயே நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் பேச வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மன்னிப்புக் கேக்கத்தானே வந்தீங்க? கேட்டுட்டுப் போனா உங்களுக்கு நல்லாயிருக்கும் மேடம். எனக்கு என்ன ஆகும்?"

உண்மை. நான் கேட்காமல் நிறுத்திக்கொண்டேன். சாயங்கால வெயிலில் நின்றேன். அவளும் நிலையில் சாய்ந்து நின்றாள். தெருவில் தண்ணீர் லாரி வந்து, குடங்கள் எல்லாம் நிரம்பி, லாரியும் போனது.

"நான் என்ன செய்யணும்?" என்றேன் கடைசியில்.

"எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில வரச் சொல்லியிருக்காங்க. போயிருவேன்." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "எங்க எல்லாரையும் கேட்டீங்களே, பவுலின் சிஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் இப்போது வேலையில் இல்லை. டாக்டர் கொடுத்த பெயர்களில் அவள் பெயர் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. ஊரே அவளைப் பற்றிப் பேசியிருக்கிறது. அவளிடம் யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 26, சனி

சாத்தூர். பவுலின் தன் அம்மாவோடு இருக்கிறாள். "தூங்குறா" என்றார் அந்த அம்மா. பகல் பதினோரு மணி. "வந்ததுலருந்து இப்பிடித்தான். யார்ட்டயும் பேசறதில்ல. எம்பிள்ளைய என்ன செஞ்சீங்க நீங்கல்லாம்?"

தலைகுனிந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மறுபடியும் சாத்தூர். அவளே கதவைத் திறந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முடி கொத்தாக உதிர்ந்து வகிடு அகன்றிருந்தது.

"டாக்டர் அனுப்புனாங்களா?"

"அருப்புக்கோட்டைக்கு வரச் சொன்னது அவங்கதான். இன்னிக்கு யாரும் அனுப்பல."

"எதுக்கு வந்தீங்க?"

காளீஸ்வரிக்கு நான் செய்ததைச் சொன்னேன். மூலைத் தொட்டில் குழந்தையைச் சொன்னேன். என்னை நம்பாமலிருக்க எல்லாக் காரணமும் இருக்கிறது என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தப் பிள்ளை இருக்கா?" என்றாள்.

"இன்னும் மெஷின்லதான் இருக்கு."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

சந்திரனுக்குப் போன் செய்து, "நீங்க கேட்டது சரி" என்றேன். "சாப்பிட்டியா?" என்றார்.

ஏப்ரல் 30, புதன்

பவுலின் பேசினாள். எனக்குள் இருந்த கேள்விகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு கேட்டேன். நீண்ட இடைவெளிகள் விட்டாள். ஒவ்வொரு இடைவெளியிலும் ஆறுதலாக ஏதாவது சொல்ல என் நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள்.

குழந்தை இறப்பதற்கு முன்பே நடந்த ஒன்றைச் சொன்னாள். அது டாக்டரைப் பற்றியது. அதை நான் டாக்டரிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேணாம். நீங்க சொல்லாதீங்க. அவங்க வந்தா நானே சொல்றேன்."

சரி என்றேன். அது என்ன என்பதை இங்கேயும் இன்று எழுதவில்லை. லாட்ஜ் அறைக்கு இரண்டு சாவி, ஒன்று லாட்ஜ்காரர்களிடம்.

மே 2, வெள்ளி

டாக்டரிடம் போய், பவுலின் அவரோடு பேச வேண்டும் என்கிறாள், அவள் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"என்ன பேசணுமாம்?"

"நான் சொல்லக்கூடாது டாக்டர்."

"கேட்டுச் சொல்லத்தானே உன்னை வச்சிருக்கேன்?"

"அன்னிக்கு சொன்னேன். காளீஸ்வரி போனா. நான் சொன்ன எதுவும் மாறல, சத்தம்தான் கூடிருச்சு."

அவர் முகம் சிவந்தது. முப்பத்தைந்து வருடம் இந்த ஊருக்குப் பிரசவம் பார்த்தவளுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்றார். நாளையோடு கிளம்பலாம் என்றார். அவர் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. கோபத்தை விடப் பயம்தான் அதிகம் என்று பட்டது. எனக்கும் பயம்தான். எழுந்து வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். முடிந்தது. ஒருத்தி வேலையைப் பறித்தேன், இன்னொருத்தியின் ஆறாத புண்ணைக் கிளறினேன், வார்டில் இன்னும் ஒரே நர்ஸ்தான். இதுதான் நான் இந்த ஊரில் செய்த வேலை.

மே 4, ஞாயிறு

நேற்றே கிளம்பியிருக்க வேண்டும். காய்ச்சல். இன்று காலை பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கீழே கார் ஹாரன். டாக்டரே ஓட்டி வந்திருந்தார்.

"ஏறு. சாத்தூர் போகணும்."

ஊரைத் தாண்டினோம். பிறகு ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். மதுரைக்கு அனுப்பிய குழந்தைக்கு மெஷினை எடுத்துவிட்டார்கள், தானாக மூச்சு விடுகிறதாம். அந்தச் செய்தியைச் சொல்ல எஸ்தரைக் கூப்பிட்டிருக்கிறார். எஸ்தர் சந்தோஷப்படவில்லையாம். "அன்னிக்கு நான் இருந்தேன் டாக்டர். பவுலின் இருந்திருந்தா பவுலினைச் சொல்லியிருப்பீங்க. என்னையும் அனுப்பிருங்க" என்று சொல்லித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாராம்.

"இருபது வருஷம் என்கூட நின்னவ" என்றார். கியரை மாற்றினார்.

பவுலின் அம்மா டாக்டரைக் கண்டதும் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டாக்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பவுலின் எதிரே தரையில். நான் கதவருகே.

"டாக்டர், நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றாள் பவுலின். "பொங்கல் கழிஞ்சு. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய நீங்க கை கழுவிக்கிட்டு இருந்தீங்க. ஒரு ஆள் பத்தாது டாக்டர், சத்தத்த எல்லாரும் குறைச்சுத்தான் வைக்கோம், எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன்."

"எங்கிட்டயா? நீ எப்பம்மா..."

"டாக்டர்" என்றேன் நான். அவ்வளவுதான் சொன்னேன். அவர் நிறுத்தினார்.

"'சரி சரி, அப்புறம் பேசலாம்'னு சொன்னீங்க. நான் அப்புறம் உங்க ரூம் வாசல்ல வந்து நின்னேன். ஆள் இருந்தாங்க. மறுநாளும் நின்னேன். பிள்ளை போனப்ப நீங்க எல்லார் முன்னாடியும், 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல'ன்னு கேட்டீங்க. நான் பைத்தியமா, சொன்னதா நினைச்சுக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு டாக்டர். இன்னிக்கு வரைக்கும் அதுதான். நான் சொன்னேனா, இல்லையா?"

மின்விசிறி சுற்றியது. பக்கத்து வீட்டில் யாரோ சேவு பொரிக்கிற எண்ணெய் வாசனை. டாக்டர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார், ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. அவர் மறுப்பார், எழுந்துபோவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

"ஆமா" என்றார். நிமிர்ந்தார். மறுபடியும் சொன்னார். "ஆமாம்மா. நீ சொன்ன."

பவுலின் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாளையிலிருந்து ஷிப்ட்டுக்கு இரண்டு நர்ஸ் என்றார் டாக்டர். ஆள் கிடைக்கும் வரை குழந்தைகளைக் குறைவாகச் சேர்ப்பதாகவும் சொன்னார். நர்சுகளைக் கூட்டி, பவுலின் தன்னிடம் முன்பே சொன்னதைத் தானே சொல்வதாகச் சொன்னார். திரும்பி வா என்றும் கேட்டார்.

"முடியாது டாக்டர். அந்தக் கதவைத் தாண்டி என்னால உள்ள வர முடியாது."

டாக்டர் வற்புறுத்தவில்லை. அவள் தலையில் கை வைக்கப் போனார். வைக்காமல் கையை எடுத்துக்கொண்டு காருக்குப் போனார். வயதானவராக நடந்தார்.

நானும் எழுந்தேன். பவுலின், "இருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன். அவளாகப் பேசினாள். குழந்தையைப் பற்றி. தலை நிறைய முடி இருந்ததாம். இடது பக்கம் படுக்கவைத்தால்தான் தூங்குமாம். வெறும் பஞ்சு மாதிரி கனம், ஆனால் விரலைப் பிடித்தால் விடாதாம். கடைசியாகத் தூக்கியது இவள்தான். அந்த வீட்டார் வந்து துணியில் சுற்றி வாங்கிப் போனபோது, இன்னும் ஒரு நிமிடம் வைத்திருக்கட்டுமா என்று கேட்க இவளுக்கு உரிமை இல்லை. இத்தனை நாளில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். உனக்குத் துக்கமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே டாக்டர் ஹாரன் அடிக்கவில்லை. காத்திருந்தார்.

அந்தக் குழந்தைக்கு வீட்டில் பெயர் வைக்கவே இல்லையாம். வார்டில் இவள் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள், யாருக்கும் தெரியாமல். அதை என் காதருகே சொன்னாள். அம்மாவுக்குக்கூடத் தெரியாது, உங்களோடு இருக்கட்டும் என்றாள்.

இங்கே எழுதமாட்டேன்.